மட்டாஞ்சேரியின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? அரசு வெளியீடுகள், நிலவரைபடங்கள், புள்ளிவிவரங்கள் குறித்து ஓர் ஆய்வுரை

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆயினும் 1795இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய காலந்தொட்டு 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவாகும்வரை அந்தச் சிறு தொலைவுக்குள் ஓர் ஆட்சி எல்லை இருந்தது. 'பிரிட்டிஷ் கொச்சி' எனப்பட்ட கோட்டைப் பகுதி மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் அரசுக்கு உட்பட்டிருந்தது. ஒரே கடைத்தெருவின் ஒரு முனையில் பிறந்த குழந்தையும் மறுமுனையில் பிறந்த குழந்தையும் வெவ்வேறு அரசுகளின் ஏடுகளில் பதிவாயின என்ற இந்த நிலையை மனத்திற்கொள்ளாமல் இவ்வூரின் பழைய புள்ளிவிவரத்தையோ வரைபடத்தையோ தேடிச் செல்பவர், எவ்வளவு பெரிய நூலகத்தில் தேடினாலும், பாதியையே கண்டெடுப்பார்.

அரசு ஆவணம், அது எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊரில் இருக்கும் என்று பலரும் எதிர்பார்க்கின்றனர். உண்மையில் அது, அதை உண்டாக்கிய அலுவலகம் எந்த அரசைச் சேர்ந்ததோ அந்த அரசின் வழித்தோன்றலிடம் சென்று சேர்கிறது. ஆவணக் காப்பியலில் மூலத்தோற்ற நெறி எனப்படுவது இதுவே: ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்காமல், அவற்றை எழுதிய அலுவலகத்தின் பெயரிலேயே, அந்த அலுவலகம் வைத்திருந்த வரிசையிலேயே காப்பது. எனவே "மட்டாஞ்சேரியைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடையைவிட, "இந்த ஆண்டில் மட்டாஞ்சேரியைப் பற்றி எழுதும் கடமை எந்த அலுவலகத்துக்கு இருந்தது?" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடை பன்மடங்கு பயனுடையதாக அமைகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது தேவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, ஆண்டு நிர்வாக அறிக்கை, அரசிதழ், மாவட்டக் கெசட்டியர், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு ஆகியவை பலர் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை. இவை அரசு வெளியீடுகள். அவற்றுக்குப் பின்னால் இருந்த கோப்புகளும் கடிதங்களும் நில ஏடுகளும் ஒரே படியாக அலுவலகத்தில் இருந்தவை. இவை அரசு பதிவுகள். முன்னவை நூலகங்களில் கிடைக்கும். பின்னவை ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். பல்கலைக்கழக நூலகத்தின் முதற்பணி, தன்னிடமுள்ள வெளியீடுகளைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அந்த வெளியீட்டின் அடிக்குறிப்பில் உள்ள அரசாணை எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர் எந்தக் காப்பகத்தின் எந்தத் துறைக் கட்டுக்குச் செல்ல வேண்டும் என்று வழிசொல்வதுமாகும். கொச்சி அரசின் பதிவுகளுக்கு எறணாகுளத்தில் உள்ள கேரள அரசின் மண்டல ஆவணக் காப்பகம் உரிய இடம். பிரிட்டிஷ் கொச்சியின் பதிவுகளைத் தேடுபவர் சென்னை எழும்பூரில் 1909இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்ட இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். அதற்கும் முற்பட்ட டச்சுக்காரரின் கொச்சிப் பதிவுகளும் அதே எழும்பூரில்தான் உள்ளன. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக் கம்பெனியின் ஆளுநர்கள் தமக்குப்பின் வருபவர்க்கு எழுதிவைத்த நீண்ட குறிப்புரைகளில் சில, 1911இல் மதராஸ் அரசு அச்சகத்தின் வழியாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. மட்டாஞ்சேரியின் வரலாற்றை எழுத முனையும் மலையாள ஆய்வாளர் சென்னைக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

நூலகப் பட்டியலில் இவற்றைத் தேடும் முறையும் இந்நெறியையே தழுவியது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், ஒரு நூலின் ஆசிரியர் தனி மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை, அரசோ அரசின் ஒரு துறையோ ஆசிரியராக இருக்கலாம் என்பதைத் தம் பட்டியலாக்க விதிகளில் விரிவாக ஆராய்ந்தவர். இதை நிறுவன ஆசிரியம் என்பர். இதன்படி, அரசு வெளியீடு அந்நாளைய அரசின் பெயரின்கீழ் பதிவாகிறது. ஆகவே 'கேரளம்' என்றோ 'எறணாகுளம் மாவட்டம்' என்றோ தேடினால் 1956க்கு முந்தைய வெளியீடுகள் அகப்படுவது அரிது. எறணாகுளம் மாவட்டமே 1958 ஏப்ரல் 1 அன்று உருவானது. 1949 ஜூலை வரை 'கொச்சி அரசு', அதன்பின் 1956 வரை 'திருவிதாங்கூர்-கொச்சி', கோட்டைப் பகுதிக்கு 'மதராஸ்' என மூன்று பெயர்களில் தேட வேண்டும். ஊரின் பெயரையும் அந்நாளைய ஆங்கில எழுத்துக்கூட்டலில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில், இட்டுப் பார்ப்பது அவசியம். ஆள்பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். 1911இல் கொச்சி அரசுக் கையேட்டை எழுதியவரும், அதே ஆண்டின் கணக்கெடுப்பில் கொச்சித் தொகுதியைத் தயாரித்தவருமான சி. அச்சுத மேனன் வேறு. 1913இல் பிறந்து பின்னாளில் கேரள முதலமைச்சரான சி. அச்சுத மேனன் வேறு. பட்டியல்களில் இவ்விருவரும் ஒருவராகக் கலந்துவிடும் அபாயம் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த ஆட்சிப் பிரிவு கூர்மையாக வெளிப்படுகிறது. 1911 கணக்கெடுப்பில் மட்டாஞ்சேரி, இந்தியத் தொகுதி வரிசையில் 18ஆவதான கொச்சித் தொகுதியில் இடம்பெறும். ஃபோர்ட் கொச்சியோ 12ஆவதான மதராஸ் தொகுதியில், மலபார் மாவட்டத்தின்கீழ், கோழிக்கோடு, பாலக்காடு முதலான ஊர்களோடு சேர்ந்து நிற்கும். 1951இல் மதராஸ் 3ஆம் தொகுதி, திருவிதாங்கூர்-கொச்சி 13ஆம் தொகுதி. 1961இல்தான் இரு பகுதிகளும் கேரளத்துக்குரிய ஒரே தொகுதியில், அப்போதும் தனித்தனி நகராட்சிகளாக, வந்து சேர்கின்றன. 1967 நவம்பர் 1 அன்று எறணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளும் வெலிங்டன் தீவும் வேறு சில பகுதிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி ஆனபின், மட்டாஞ்சேரி என்ற நகரமே அட்டவணையிலிருந்து மறைகிறது. 1971 முதல் அதைக் காண விரும்புபவர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் உள்ள வார்டுவாரி எண்களைக் கூட்டியே காண வேண்டும். வார்டுகளின் எல்லையும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறியிருப்பதால், எல்லை வரைபடம் கையில் இல்லாமல் செய்யும் கூட்டல் பிழையாகவே முடியும். புள்ளிவிவரத்துக்கு வரைபடம் துணையாவது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வாசகர்க்கு இதே சிக்கல் எதிர்த்திசையிலிருந்து அறிமுகமானதே. நாகர்கோவிலும் அதைச் சூழ்ந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் 1956 வரை தமிழகத்தின் ஆட்சிக்குள் இல்லை. அவற்றின் 1931ஆம் ஆண்டுக் கணக்கைச் சென்னைத் தொகுதியில் தேடிச் சலிப்பவர், திருவிதாங்கூர்த் தொகுதியைத் திறந்தவுடன் அதைக் கண்டுகொள்வார்.

இடம் ஒருபுறம் இருக்க, காலமும் இரு அரசுகளுக்கும் ஒன்றாக இல்லை. இதைப் பற்றி நூலக வழிகாட்டிகள் போதுமான அளவு பேசுவதில்லை; ஆனால் கொச்சி ஆவணங்களைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது. கொச்சி அரசின் நிர்வாக அறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சானவை என்றாலும் அவற்றின் ஆண்டு கொல்லம் ஆண்டு. ஆகஸ்டு நடுவில் சிங்ங மாதத்தோடு தொடங்கும் இவ்வாண்டை ஆங்கில ஆண்டாக்க, டிசம்பர் முடிவுவரையுள்ள பகுதிக்கு 824ஐயும், ஜனவரிக்குப் பின்னுள்ள பகுதிக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1086 என்பது 1910 ஆகஸ்டு நடுவிலிருந்து 1911 ஆகஸ்டு நடுவரை ஓடுவது. மதராஸின் நிலவரிக் கணக்கோ பசலி ஆண்டில் அமைந்தது. ஜூலை 1 அன்று தொடங்கும் பசலியை ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்துப் பெறலாம் என்பதால், பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரையுள்ள காலம். இவற்றோடு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டும் சேர்ந்தால், '1910-11' என்று மேலோட்டமாக எழுதப்படும் ஒரே ஆண்டு மூன்று வெவ்வேறு பன்னிரு மாதங்களைக் குறிக்கும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும் இக்கரையில், ஒரு மழைக்காலம் எந்த ஆண்டின் கணக்கில் விழுகிறது என்பதே விளைச்சல் எண்ணையும் நிலவரித் தள்ளுபடியையும் மாற்றிவிடக்கூடியது. ஆகவே இருவேறு அரசுகளின் எண்களை ஒரே அட்டவணையில் வைப்பவர், ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் அந்த ஆண்டு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று எழுதியே தீர வேண்டும்.

வணிகப் புள்ளிவிவரம் மேலும் நுட்பமானது. மிளகும் இஞ்சியும் மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளில் குவிந்திருந்தன. பிற்காலத்தில் யூதத்தெருவில் 1957 முதல் இயங்கிய மிளகு வணிகச் சங்கத்தின் முன்பேர விலையே மிளகு வணிகத்துக்கு அளவுகோலாக இருந்தது. ஆனால் துறைமுகம் பிரிட்டிஷ் கொச்சியுடையது. அதனால் அங்கிருந்து கப்பலேறிய சரக்கு மதராஸ் மாகாணத்தின் கடல் வணிக ஆண்டறிக்கையில் ஒரு மதராஸ் துறைமுகத்தின் ஏற்றுமதியாகப் பதிவானது. 1865இல் ஆங்கிலேய அரசுக்கும் கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே ஏற்பட்ட துறைமுக வணிக உடன்படிக்கை சுங்கத்தை ஒருமுகப்படுத்தியபோது, பதிவேடுகளின் உறவும் மாறியது. கொச்சி அரசின் அறிக்கையில் மட்டும் ஏற்றுமதியைத் தேடி, மட்டாஞ்சேரி வணிகம் சுருங்கியது என்று முடிவு கட்டுபவர், சரக்கு வேறொரு ஏட்டுக்குப் போய்விட்டதை அறியாதவராவார். இதே காரணத்தால் துறைமுக விரிவாக்கத்தின் ஆவணங்களும் சிதறிக் கிடக்கின்றன. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில் உப்பங்கழியைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு வெலிங்டன் தீவு எழுப்பப்பட்டது. இந்தப் பெருந்திட்டத்தில் மதராஸ், கொச்சி, திருவிதாங்கூர் அரசுகள் மூன்றுக்கும் பங்கு இருந்தமையால், அதன் செலவையும் உடன்பாடுகளையும் முழுமையாகக் காண ஒரே இடம் போதாது.

இன்றைய புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை கொச்சி பேறுபெற்ற ஊர். நறுமணப் பொருள் வாரியம், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், தென்னை வளர்ச்சி வாரியம் ஆகியவை இங்கேயே தலைமையிடம் கொண்டுள்ளன. 1947இல் தொடங்கி, இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்தில் இயங்கிப் பின்னர் கொச்சிக்கு இடம்பெயர்ந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மீன்பிடிப்பின் அளவை ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடுவதோடு, தன் வெளியீடுகளைத் திறந்த இணையக் களஞ்சியத்தில் யார்க்கும் கட்டணமின்றி வைத்திருக்கிறது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வைப் பயன்படுத்துவோர், அச்சிட்ட அட்டவணைக்கும் அலகுநிலைத் தரவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். முன்னது ஏற்கெனவே தொகுத்த எண். பின்னது, பெயர் நீக்கிய ஒவ்வொரு குடும்பத்தின் விடைகளும் தனித்தனி வரியாக உள்ள மூலத்தரவு. மாதிரி ஆய்வு ஒரு மாநிலத்துக்குப் பொருந்தும் மதிப்பீட்டைத் தரக்கூடியது. மட்டாஞ்சேரி அளவுள்ள ஒரு பகுதிக்கு அதிலிருந்து எண் எடுப்பது முறையன்று. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடவாமற்போனமையால் வார்டு அளவிலான தகவலுக்கு 2011 அட்டவணைகளையே இன்னும் நம்ப வேண்டியிருப்பது ஆய்வாளர்களுக்குப் பெருங்குறை.

இனி நிலவரைபடங்கள். 1767இல் நிறுவப்பட்ட இந்திய நில அளவைத் துறை, நாட்டைப் பாகைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டது. பேச்சுவழக்கில் டோபோ ஷீட் எனப்படும் இடவிளக்கத் தாளின் எண்ணைக் கணக்கிடக் கற்றுக்கொண்டவர், நூலகரின் துணையின்றியே தமக்கு வேண்டியதைக் கேட்டுப்பெறலாம். 58 என்னும் பெருங்கட்டம் கிழக்குத் தீர்க்கரேகை 76 முதல் 80 பாகை வரையும், வடக்கு அட்சரேகை 8 முதல் 12 பாகை வரையும் பரந்தது. வடமேற்கு மூலையிலிருந்து மேலிருந்து கீழாக இறங்கி, பின் அடுத்த நெடுவரிசைக்குச் செல்லும் முறையில் அது ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு கட்டங்களாகவும், அவற்றுள் ஒவ்வொன்றும் அதே முறையில் பதினைந்து கலை (நிமிடம்) அகலமுள்ள பதினாறு தாள்களாகவும் பிரிகிறது. இக்கணக்கின்படி மட்டாஞ்சேரி அரண்மனை 58 சி/5 என்ற தாளில் விழுகிறது. பத்தாம் அட்சரேகைக்கு வடக்கே களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 58 பி (B)/8இல் விழுகிறது. 76 பாகை 15 கலைத் தீர்க்கரேகை ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே செல்வதால், கோட்டைமுனை, பெரிதும் கடலாகவே உள்ள 58 சி/1இன் கட்டத்துக்குள் போய்விடுகிறது; ஆகவே இரண்டு எண்களையும் கேட்டுப் பார்ப்பதே நன்று. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வெளியான திறந்த வரிசைத் தாள்களுக்கு எண்முறை வேறு. அவ்வரிசையில் கொச்சி 'சி 43' எனத் தொடங்கும் எண்ணின்கீழ் வரும்.

பழைய தாளைப் பார்ப்பவர் அதன் அளவைத் தேதியையும் அச்சுத் தேதியையும் பிரித்தறிய வேண்டும். 1950களில் மறுபடி அச்சான ஒரு தாள், பல ஆண்டுகளுக்கு முன் அளந்த நிலத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். கொச்சியில் இதைச் சரிபார்க்க எளிய அடையாளம் ஒன்று உண்டு: வெலிங்டன் தீவு அதன் முழு வடிவில் தாளில் இல்லையென்றால், அந்த அளவை துறைமுகப் பணி முடிவதற்கு முற்பட்டது. அதற்கும் முந்தைய நிலையை அறிய, வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து எழுதிய நினைவுக் குறிப்பும் வரைபடங்களும் இருக்கின்றன. டச்சுக்காரர் வரைந்த கொச்சிக் கோட்டைப் படங்கள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

கடற்கரையையும் நாட்டெல்லையையும் ஒட்டிய பகுதிகளின் பெரிய அளவுத் தாள்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தன. கடற்படைத் தளமாகிய கொச்சிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தியது. ஒரு மாணவர் தம் ஊரின் வரைபடத்தைக் காண அனுமதிக் கடிதம் வாங்கிக் காத்திருந்த அதே காலத்தில், 1950களில் அமெரிக்க இராணுவம் தயாரித்த இந்திய வரைபட வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் உலகோர் அனைவர்க்கும் இணையத்தில் திறந்துவைத்தது. 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு நெறிமுறைகள் இந்நிலையைப் பெரிதும் தளர்த்திவிட்டன. சட்டம் தளர்ந்தபின்னும் பூட்டிய பீரோவிலேயே தாள்களை வைத்திருக்கும் நூலகங்கள் அவற்றை வெளியே எடுத்து, தாள் எண்ணோடும் அளவை ஆண்டோடும் பட்டியலில் ஏற்றுவதற்கு இனித் தடையேதும் இல்லை.

வெளியீடுகள் நூலகத்துக்கு வந்துசேரும் வழியும் கவனத்துக்குரியது. அமெரிக்காவில் 1813இலேயே அரசு வெளியீடுகளை நூலகங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. அது வளர்ந்து, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைப்பு நூலகங்களாகப் பரவி நிற்கிறது. அவற்றுள் பல பல்கலைக்கழக நூலகங்கள். இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, ஒவ்வொரு வெளியீடும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் செல்ல வேண்டும். அச்சட்டம் தனித்து அச்சிட்ட வரைபடத்தையும் நூல் என்றே கொள்கிறது. அலுவலகப் பயனுக்கு மட்டும் உரியவை தவிர்த்த அரசு வெளியீடுகளையும் உள்ளடக்குகிறது. ஆனால் பல்கலைக்கழக நூலகம் எதுவும் இதனால் உரிமை பெறுவதில்லை. கேட்டு வாங்கும் நூலகர் இருந்த இடத்தில் அரசு வெளியீடுகள் சேர்ந்தன. இல்லாத இடத்தில் சேரவில்லை. சில நூறு படிகளே அச்சாகி, கடைக்கு வராமல், சில ஆண்டுகளில் அலுவலக மூலையிலிருந்தும் காணாமற்போகும் இவ்வகை எழுத்துக்கு இந்த ஏற்பாடு போதவே போதாது.

இணையம் பெரிதும் உதவுகிறது என்பதை மறுக்க இயலாது. 1871 முதல் 1951 வரையுள்ள கணக்கெடுப்புத் தொகுதிகள் தென்னாசியத் திறந்த ஆவணக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகம் பழைய புள்ளிவிவரச் சுருக்கங்களைத் தருகிறது. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் அபிலேக் படல் என்னும் தளத்தை நடத்துகிறது. எனினும் ஒளிவருடிய பக்கத்தை எந்திரம் எழுத்தாக மாற்றுகையில், நெருக்கமாக அச்சிட்ட அட்டவணைகளில் 3 என்பது 8 ஆவதும், ஒரு நெடுவரிசை அடுத்ததோடு கலப்பதும் நேர்கின்றன. அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது முகவரி மாறி, மேற்கோள் காட்டிய பக்கம் கிடைக்காமற்போகிறது. பதிவிறக்கிய நாளையும் கோப்பையும் சேர்த்துக் காப்பதே ஆய்வாளர்க்குப் பாதுகாப்பு.

இவ்வளவையும் ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தத் தகுந்த ஒரு பொருள் கொச்சித் தமிழர்க்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' என்னும் பகுதியில் தோபிகானாவில் துணி வெளுத்துவரும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், தம் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று மரபாகச் சொல்லிவருகின்றன. இச்செய்தியை ஆவணத்தில் தொடர விரும்புபவர் எழும்பூரின் டச்சுப் பதிவுகளில் தொடங்கி, 1866இல் அமைந்த ஃபோர்ட் கொச்சி நகராட்சியின் ஆவணங்களுக்கும், 1931 வரையுள்ள மதராஸ் சாதி அட்டவணைகளுக்கும், பின்னர் தாய்மொழி அட்டவணைகளுக்கும் வர வேண்டியிருக்கும். மாவட்ட அளவில் தொகுத்த சாதி அட்டவணையில் கோட்டைப் பகுதியின் சிறு சமூகம் மலபார் மாவட்டத்தின் பேரெண்ணுக்குள் கரைந்துவிடும் என்பதால், நகராட்சிப் பதிவே இங்கு முதன்மையானது. இந்த வரலாறு எழுதப்பட வேண்டும். எழுதுவதற்குரிய ஏடுகள் இருக்கின்றன.

கொச்சியின் ஈரக்காற்றில் தாள் நெடுநாள் தாங்குவதில்லை. மட்டாஞ்சேரியின் பழைய வணிகக் குடும்பங்களிடமும், ஓய்வுபெற்ற நில அளவையாளர் வீடுகளிலும், மூடிய அலுவலகங்களின் பரணிலும் துறைமுக அறிக்கைகளோ நிர்வாக அறிக்கைகளோ நிலவரைபடத் தாள்களோ இருந்தால், அவற்றின் உரிமையாளர்கள் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தை அணுகி ஒளிவருடுவதற்கேனும் கொடுத்துதவ வேண்டும். நூலகங்களும், கொடுப்பவரை வாயிலில் காக்கவைக்காமல், வாங்கிப் பதிந்து திருப்பித்தரும் பொறுப்பை ஒரு நூலகரிடம் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அது நடக்கட்டும்.